கல்லுக்குத் தலைக்குத் தண்ணீர் எப்போது?

அம்மை போட்ட வீட்டில் ஒரு சௌகரியம் உண்டு. என்றைக்கு முடியும் என்று ஏறக்குறையத் தெரியும். கொப்புளம் காயும், பொருக்கு உதிரும், நல்ல நாள் பார்த்து வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டால் வாசலில் செருகிய வேப்பங்கொத்தை எடுத்துவிடலாம், கடுகு தாளிக்கலாம், வெளியே போய் வரலாம். எனக்கு வாய்த்ததோ ஒரு கல். கல்லுக்குத் தலைக்குத் தண்ணீர் எப்போது ஊற்றுவது என்று யாரும் சொல்லி வைத்துவிட்டுப் போகவில்லை.

அறுபதுகளின் கடைசி அது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். பிறந்த வீடு திருநின்றவூர். மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் பி.எஸ்ஸி. முடித்த கையோடு நாலு ஸ்டேஷன் தள்ளிக் கொடுத்துவிட்டார்கள். திருவள்ளூருக்கும் திருப்பாச்சூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். வீட்டில் நானும் கணவரும் மாமியாரும் மட்டும். கணவர் காலையில் சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் பிடித்தால் மெட்ராஸ் ஆபீஸிலிருந்து திரும்ப ராத்திரி ஏழாகிவிடும். நான் சமைத்தேன், பெருக்கினேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்பதை அந்த இரண்டு வருஷத்தில் ஒருவர் கூட என்னிடம் கேட்கவில்லை.

அந்த ஆனி மாதம் திருவள்ளூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர் இடம் காலியாயிற்று. எனக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ, கடைக்குப் போன சாக்கில் தலைமையாசிரியை அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்குப் பத்தாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்திக் காட்டு, பிடித்திருந்தால் அன்றே சேர்ந்துகொள், ட்ரெயினிங் பிறகு போகலாம் என்றார். பாடம், பரிணாமம். யாருமே நடத்தாமல் "நீங்களே வாசிச்சுக்குங்க" என்று தாண்டிப் போகிற பாடமாம் அது. மாமியாரும் பக்கத்தில் இருக்க, கணவரிடம் சொன்னபோது பேப்பரைக் கீழே இறக்காமல் "போய்ப் பாரு" என்றார். எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது. அந்த வேலை கிடைத்தால் தினமும் காலையில் அந்த வீட்டு வாசலைத் தாண்டி வெளியே போவேன். வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

வியாழக்கிழமை. எங்கள் நிலத்துக் கிணறு வற்றிப்போய் ஆள் வைத்து ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஆந்திரா பக்கத்திலிருந்து வந்த ஆட்கள். மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நின்றேன். மேலே செம்மண், அதற்குக் கீழே உருண்டைக் கற்கள், அதற்கும் கீழே வெளுத்த களிக்கல். அது ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தது. கடப்பாரை போட்டவர் திடீரென்று நிறுத்திவிட்டு மேலே நின்றவரைப் பார்த்து, "நைனா, கல்லுக்குள்ள எவனோ செடி வச்சிட்டுப் போயிருக்கான்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். முறத்தில் பாதி அளவுக்கு ஒரு பலகைக் கல். அதன் மேல் துரு நிறத்தில் ஓர் இலை. நடுவில் மெல்லிய காம்பு, இரண்டு பக்கமும் நெருக்கமாகச் சிற்றிலைகள், ஒன்று கூடச் சிதையவில்லை. கல்லூரியில் இந்த மாதிரி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்து, தூர நின்று பாருங்கள் என்பார்கள். இங்கே என் கையில் ஈரத்தோடு இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு காலத்தில் கடல் இந்தப் பக்கம் வரை வந்து போயிருக்கிறது. கரையோரச் சேற்றில் லட்சக்கணக்கான இலைகள் விழுந்து மட்கி ஒன்றுமில்லாமல் போயிருக்கும். இது விழுந்ததும் மேலே சேறு மூடியிருக்கிறது, காற்றுப் படாமல் போயிருக்கிறது, மேலும் மேலும் சேறு ஏறி அழுத்திக் கல்லாகிவிட்டது. திங்கட்கிழமை வகுப்பில் நான் வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, இதை மேஜை மேல் வைத்தால் போதும் என்று நினைத்தேன். அதைக் கூடையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, கழுவி, காயட்டும் என்று கொல்லைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான்.

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. மாமியார் பத்து நாளாகப் பயந்துகொண்டே இருந்தார். அவருடைய கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர் சின்ன வயதில் அம்மையில் போனவர்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் கொல்லைக் கதவைத் திறந்தவர் கண்ணில் முதலில் பட்டது, ஈரக் கல்லில் ஒரு வேப்பங்கொத்து. நான் காபி டம்ளரோடு போவதற்குள் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்துவிட்டார். கை கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆத்தா ஊடு தேடி வந்துகிறா" என்றார் என்னைப் பார்த்து. "நீதான் தூக்கியாந்தே?"

"அத்தை, அது கிணத்துல வந்த கல்லு. வேப்பிலை இல்ல, பழைய காலத்து..."

"கிணத்துலருந்து உன் கையில தானே வந்தா? எத்தினி பேர் நின்னாங்க அங்க? உன் கையில தானே வந்தா?"

அன்றிலிருந்து எங்கள் வீடு அம்மை போட்ட வீடு மாதிரி ஆயிற்று. வாசலில் வேப்பிலை. தாளிப்புக் கிடையாது, மீன் கிடையாது. வெளியாள் உள்ளே படுக்கக் கூடாது, வீட்டு ஆள் வெளியே போகக் கூடாது. முக்கியமாக, ஆத்தாவைக் கொண்டுவந்தவள் அவளை விட்டு எல்லை தாண்டக் கூடாது. ஆம்பிளை மட்டும் பிழைப்புக்குப் போகலாம், அதற்கு ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாளாம். கணவர் வழக்கம் போல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சட்டம் என்று ஒன்று போட்டால் அது என் காலை மட்டும் எப்படித்தான் தேடிப்பிடிக்கிறதோ.

சாயங்காலம் அவரைத் தனியாகப் பிடித்தேன். "அது என்னன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியாம? பி.யூ.சி.யில ரெக்கார்டு நோட்டுல வரைஞ்சிருக்கேனே. பாசில்."

"அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நான் சொன்னா எடுபடல."

"நம்பிக்கை விஷயம். நான் எப்படிச் சொல்றது?" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இன்னும் ரெண்டு நாள் கீதே, பாக்கலாம்."

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து தெருப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கொல்லையில் கல்லைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கொண்டுவந்தவள் என்பதால் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. மாமியார் ஒருவர் கேட்காவிட்டால் என்ன, பன்னிரண்டு பேருக்குச் சொல்லிப் பார்ப்போம், புரிந்தால் அவர்களே மாமியாருக்கு எடுத்துச் சொல்லிவிடுவார்கள் என்று தோன்றியது. திங்கட்கிழமைக்கு வைத்திருந்த பாடத்தை அங்கேயே தொடங்கினேன்.

கிணறு வெட்டும்போது கீழே போகப் போகப் பழைய மண் என்றேன். அது அவர்களுக்குத் தெரிந்ததுதான். மேலே ஓட்டுச் சில்லு கிடைக்கும், கீழே கிடைக்காது. அதே மாதிரி பூமி பூராவும் ஏடு ஏடாக இருக்கிறது, ஒவ்வொரு ஏட்டிலும் அந்தந்தக் காலத்தில் இருந்ததுதான் அகப்படும், அதுவும் எல்லாம் அகப்படாது, சேற்றில் மாட்டிக்கொண்டது மட்டும்தான் என்றேன். பிறகு கொசுவுக்கு வந்தேன். மலேரியாக்காரர்கள் வருஷா வருஷம் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து டி.டி.டி. அடித்துவிட்டுச் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள்.

"மொத வருஷம் அடிச்சப்போ கொசு செத்துச்சா இல்லியா?"

"கொத்துக் கொத்தா வுழுந்திச்சே" என்றாள் ஒருத்தி. "இப்பத்தான் அந்த மருந்துலயே குளிச்சிட்டுப் போவுது."

"ஏன்? எல்லாக் கொசுவும் ஒரே மாதிரி இல்ல. ஏதோ ஒண்ணு ரெண்டு பொறக்கும்போதே மருந்தைத் தாங்கற ஒடம்போட பொறந்திருக்கும். மத்ததெல்லாம் செத்துது, இது முட்டை போட்டுது. அதோட பிள்ளைங்களும் தாங்கும். இப்போ இருக்கறதெல்லாம் தாங்கினதோட வம்சம். பத்து வருஷத்துல கொசு இப்படி மாறும்னா, கோடி கோடி வருஷத்துல மாறி மாறி இன்னா இன்னாவா ஆகியிருக்கும்?"

முகமெல்லாம் அம்மைத் தழும்பு இருந்த ஒரு பெண், வயல் வேலைக்குப் போகிறவள், மெதுவாகச் சொன்னாள். "அப்போ நாமளும் அம்மைக்குத் தப்பிச்சவங்க பெத்ததுங்கதானே?"

நாலு வருஷம் காலேஜில் படித்தும் எனக்கு இப்படி ஒன்று தோன்றியதில்லை. நான் டீச்சர்தான், என்னால் முடியும் என்று அந்த நிமிஷம் நிச்சயமாகத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் வாயை அடக்கத் தெரியாமல் கடைசி வரைக்கும் போனேன். இது வேப்பிலை இல்லை, இந்தக் கல்லுக்குப் பத்துக் கோடி வருஷத்துக்கும் மேல் வயசு, அப்போது பூமியில் மனுஷன் இல்லை, மாடு இல்லை, வேப்ப மரம் என்று ஒன்றே இன்னும் வரவில்லை என்றேன். பங்களாத் தோட்டங்களில் குட்டைப் பனை மாதிரி ஒரு செடி வைக்கிறார்களே, அதற்குத் தூரத்துச் சொந்தம் இது என்றும் சொன்னேன்.

மாமியார் கண்ணெல்லாம் தண்ணீர். "கேட்டியா? வேப்ப மரமே பொறக்கறதுக்கு முன்னாடி வந்து குந்திக்கினா. பத்துக் கோடி வருஷம்! எந்த ஊரு கோயில்ல கீறா இத்தினி வயசுல?"

அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் பக்கத்து ஊரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். "மருமவ படிச்சவ, அவளே சொல்றா" என்று மாமியார் ஒவ்வொருவரிடமும் சொன்னார். பூட்டு போட்டது அவர் என்றால் சாவியைக் கிணற்றில் எறிந்தது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமியார் கண் அயர்ந்த நேரம். எனக்கு ஒரு யோசனை. கல் ஏடு ஏடாகத்தானே இருக்கிறது. ஓரத்தில் தோசைத்திருப்பியை விட்டு நெம்பினால் இலை இருக்கும் மேல் ஏடு மட்டும் பெயர்ந்து வந்துவிடும், அதைப் பெட்டியில் ஒளித்து வைத்துக்கொண்டால் காலையில் எப்படியாவது பள்ளிக்கூடம் போய்விடலாம், கீழ்க் கல்லை வைத்து மாமியார் கும்பிட்டுக்கொள்ளட்டும். ஆத்தா இறங்கிப் போய்விட்டாள் என்று கூட நினைப்பார். நெம்பினேன். மேல் ஏடு அசையவில்லை. கல் கனத்தின் நட்ட நடுவில் இரண்டு பலகையாகப் பிளந்து திறந்தது. உள்ளே இன்னோர் இலை, சின்னது. ஒரு பாதியில் மேடாக, மறு பாதியில் அதே இலை பள்ளமாக. தொல்லுயிர்ப் படிவம் அப்படித்தான் திறக்கும், பதிந்ததும் பதித்ததுமாக இரண்டு பக்கமும் கிடைக்கும். படித்ததுதான். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

சத்தம் கேட்டு மாமியார் வந்தார். இன்றைக்கு அடிதான் என்று நினைத்தேன். அவர் இரண்டு பாதியையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பெத்துட்டாடீ!" என்றார். "சின்ன ஆத்தா!"

சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. எதைச் செய்தாலும் அது ஆத்தாவின் செயலாகிவிடுகிற ஒரு வீட்டில் மனுஷி என்ன செய்ய முடியும்? கொல்லை, கூடம், சமையலறை, மறுபடி கொல்லை என்று சுற்றிச் சுற்றி வந்தேன். அன்று பொழுது சாய்ந்தபோது கணவரும் மாமியாரும் வாசல் பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கணவர் வந்து நின்றார்.

"அம்மா செவ்வாக்கெழமதான் நல்ல நாளுன்னுட்டாங்க. அதுவரைக்கும் நீ நகரக் கூடாதாம்."

நான் கெஞ்சினேன். வாழ்க்கையில் அவரிடம் அப்படிக் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். ஒரு சீட்டாவது எழுதித் தருகிறேன், ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிடுங்கள், புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லுங்கள் என்றேன். "சீட்டெல்லாம் எதுக்கு, நானே சொல்லிட்டுப் போறேன்" என்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மனசுக்குள் வகுப்பு நடத்தினேன். வருகைப் பதிவு கூட எடுத்தேன், இல்லாத பிள்ளைகளுக்கு நானே பேர் வைத்து. பத்தே முக்கால் சுமாருக்கு மணியடித்திருப்பார்கள் என்று எழுந்து, அரிசி களையப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை மாமியார் சின்ன இலை மட்டும் இருந்த பாதிக்கு, அதாவது சின்னக் கல்லுக்கு, மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். எனக்கும் தலைக்கு ஊற்றினார். பெரியவள் வீட்டிலேயே இருப்பாள், சின்னவளை வந்த கிணற்றிலேயே விட்டுவிட்டு வா, கொண்டுவந்தவள்தான் கொண்டுபோய் விடவேண்டும் என்றார். கல்லை மண்சட்டியில் வேப்பிலைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் திருவள்ளூர் ரோடு தெரியும். நான் நிற்கவில்லை. ஈரப் புடவையோடு, மஞ்சள் வழிகிற முகத்தோடு, சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிக் கும்பிட்டு வழிவிட்டார்கள்.

தலைமையாசிரியை அம்மா என்னைப் பார்த்துப் பதறி எழுந்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நேற்றுப் பதினொரு மணி வரைக்கும் பார்த்தாராம். சேதி ஒன்றும் வரவில்லை. விண்ணப்பத்தோடு வந்திருந்த வேறொரு பெண்ணைப் பாடம் நடத்தச் சொன்னார்களாம், நன்றாகவே நடத்தினாளாம்.

"என் வீட்டுக்காரர் காலையில வந்து சொல்லலையா?"

"யாரும் வரலியேம்மா."

சட்டிக்குள் எட்டிப் பார்த்து, கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு அழகா இருக்கு! ஸ்கூலுக்குக் கொடுத்துட்டுப் போறியா?" என்றார். தரமாட்டேன் என்றேன். கொடுத்திருக்கலாம். அந்தப் பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்துவாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. திரும்பி வருகிற வழியில் கிணற்றில் போட்டேன். புதிதாக ஊறியிருந்த கலங்கல் தண்ணீரில் சத்தம் கூடப் பெரிதாக வரவில்லை.

மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். "இவ்ளோ நேரம் எங்கடி போனே?" என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். நான் உடைந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போனதையும் சொன்னேன், வேலை போனதையும் சொன்னேன். உங்க ஆத்தாவால போச்சு, நேத்து ஒரு நாள் என்னை விட்டிருந்தா உங்களுக்கு இன்னா குறைஞ்சிருக்கும் என்று அவர் வயசுக்குக் கூட மரியாதை தராமல் கத்தினேன்.

அவர் என்னை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. புரியாமல் பார்த்தார்.

"நானாடி புடிச்சி வச்சேன்? ஞாயித்துக்கெழமையே சொன்னேனே உன் புருஷங்கிட்ட. ரெண்டா வந்துட்டா, பெரியவளுக்கு நான் தொணை இருக்கேன், சின்னவள காலையில கொண்டுபோய் வுட்டுட்டு அவ அப்படியே பள்ளிக்கூடம் போவட்டும், படிச்ச பொண்ணு ஆசைப்படுதுன்னு. அவன்தான் பள்ளிக்கூடத்துல வேற ஆளு எடுத்துட்டாங்க, அவகிட்ட இப்ப சொல்லாத, அழுவா, சின்னவள செவ்வாக்கெழம அனுப்பிக்கலாம்னான்."

இரண்டு பேரும் வெகு நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். என் தலைமயிரிலிருந்து இன்னும் மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

ராத்திரி ஏழு மணிக்குக் கணவர் வந்தார். சைக்கிளை நிறுத்துவதற்குள் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். மாமியாரும் பக்கத்தில் நின்றார். அப்போது அவர் பொய் சொல்லவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கோபப்படவும் இல்லை. நான் எதற்கு இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன் என்பது அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "இன்னா கேக்கறே? நான் வேலை முடிஞ்சு வரும்போது ஊட்ல ஆள் இருக்க வேணாமா?" என்றார்.

மாமியாரை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன், அவர் ஆத்தாவை நம்பினார். இவரை மன்னிக்க முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை. ஆனால் அவர் ரிட்டையர் ஆகிற வரைக்கும், இருபத்தாறு வருஷம், அந்த ரயில் வந்து சைக்கிள் மணி கேட்கிற ஒவ்வொரு சாயங்காலமும் நான் வீட்டில்தான் இருந்தேன்.